சொல்லும் பொருளும்: 'வெய்ஃப்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி நான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைகளில் 'வெய்ஃப்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. அகராதியில் 'வீடு வாசல் இல்லாத குழந்தை' என்று போட்டிருக்கிறது. ஆனால் ஓர் ஆடை அலங்கார இதழில் ஒரு மாடல் அழகிக்கும் இதே சொல்லைப் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதானா? எப்படி உச்சரிக்க வேண்டும்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் ஒரே சொல்தான். உச்சரிப்பை முதலில் பார்த்துவிடலாம். 'சேஃப்' என்று சொல்லும்போது வருகிற உயிரொலிதான் இதிலும் வரும். அவசரத்தில் 'வைஃப்' என்று வாசித்தால் மனைவி என்று பொருள் மாறிவிடும். பன்மை 'வெய்ஃப்ஸ்'. வைஃப் 'வைவ்ஸ்' ஆவதுபோல இது 'வெய்வ்ஸ்' ஆகாது. தேர்வில் இதைத் தப்பாக எழுதுகிறவர்கள் நிறைய.

இனி பொருளுக்கு வருவோம். இந்தச் சொல் குழந்தைக்கென்று பிறந்ததே இல்லை, பொருளுக்காகப் பிறந்தது. இங்கிலாந்தில் நார்மன் மன்னர்கள் ஆண்ட பிறகு நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சு வழியாக வந்த சட்டச் சொல் இது. திருடன் ஒருவன் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், ஊர் துரத்துகிறது, அகப்பட்டுக்கொள்வோம் என்று பயந்து மூட்டையை வழியில் போட்டுவிட்டு ஓடிவிடுகிறான். அப்படி விழுந்து கிடக்கும் பொருளுக்குத்தான் வெய்ஃப் என்று பெயர். அது யாருக்குச் சேரும்? பொருளின் சொந்தக்காரர் உடனே திருடனைத் துரத்திப் பிடித்து வழக்குத் தொடுத்தால் அவருக்குக் கிடைக்கும். சும்மா இருந்துவிட்டால் அரசருக்குப் போய்விடும், அல்லது அந்த உரிமையை அரசர் எந்தப் பண்ணைப் பிரபுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரோ அவருக்கு. 1760களில் ஆங்கிலச் சட்டத்தை நான்கு தொகுதிகளில் விளக்கி எழுதிய பிளாக்ஸ்டன், இது சொந்தக்காரருக்கு விதிக்கப்படும் தண்டனை என்றே சொல்கிறார், திருடனைத் தானே விரட்டிப் பிடிக்காமல் விட்டதற்காக. திருடன் பொருளை எங்காவது ஒளித்து வைத்திருந்தால் அது வெய்ஃப் ஆகாது, ஓட்டத்தில் வீசியிருக்க வேண்டும். வெளிநாட்டு வியாபாரியின் சரக்காக இருந்தாலும் ஆகாது.

இதே வேரிலிருந்து வந்ததுதான் 'வெய்வ்' என்ற வினைச்சொல். உரிமையை விட்டுக்கொடுப்பது, அபராதத்தைத் தள்ளுபடி செய்வது என்று இன்றைக்கும் வங்கியிலும் கல்லூரியிலும் கேட்கிறோமே, அதுதான். அந்தக் காலத்தில் இந்த வினைச்சொல்லைப் பெண்கள்மீதும் பயன்படுத்தினார்கள். நீதிமன்றத்துக்கு வராமல் தலைமறைவான ஆணைச் 'சட்டத்துக்குப் புறம்பானவன்' என்று அறிவிப்பார்கள். பெண்ணை அப்படி அறிவிக்க முடியாது, ஏனென்றால் பன்னிரண்டு வயதில் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி எடுத்து உள்ளே சேர்வது ஆண்கள் மட்டும்தான், உள்ளே சேராதவளை எப்படி வெளியே தள்ளுவது என்பது வாதம். அதனால் அவளை 'வெய்வ்' செய்துவிட்டதாக, அதாவது சட்டம் கைவிட்டுவிட்டதாக எழுதி, அவளையே வெய்ஃப் என்று அழைத்தார்கள். வீசி எறிந்த மூட்டைக்கும் கைவிடப்பட்ட மனுஷிக்கும் ஒரே பெயர். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சொந்தம் கொண்டாட ஆள் இல்லாத பொருள் என்பதிலிருந்து, சொந்தம் கொண்டாட ஆள் இல்லாத பிள்ளை என்ற பொருள் பிறகுதான் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன், மான்செஸ்டர், லிவர்பூல் தெருக்களில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் படுத்துக் கிடந்த காலத்தில், பத்திரிகைகளிலும் பிரசங்கங்களிலும் இந்தச் சொல் ஊன்றிவிட்டது.

மாடல் அழகி விஷயம் 1990களின் தொடக்கத்தில் வந்தது. கேட் மாஸ் போன்ற மிக மெலிந்த மாடல்கள் பிரபலமானபோது, எலும்பு தெரியும் உடம்பு, பெரிய கண்கள், யாரோ கைவிட்டுவிட்டதுபோன்ற முகம், இதையெல்லாம் சேர்த்து 'வெய்ஃப் லுக்' என்றார்கள். பட்டினியால் வந்த மெலிவுக்கு இருந்த சொல்லை எடுத்து அழகுக்குப் பட்டமாகச் சூட்டியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம், ஆனாலும் அந்தப் பொருள் இன்று அகராதியில் ஏறிவிட்டது. 'வெய்ஃப் லைக்' என்று எங்கே பார்த்தாலும் அது தோற்றத்தைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், வீடு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி அங்கே இல்லை.

கேள்வி: 'வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ் சொசைட்டி' என்று ஒரு பழைய அமைப்பின் பெயரைப் படித்தேன். ஒரே பொருளுக்கு எதற்கு இரண்டு சொற்கள்? தெருநாயைத்தானே 'ஸ்ட்ரே' என்கிறோம், குழந்தைகளுக்கு நடத்திய அமைப்புக்கா இந்தப் பெயர்?
- ஓய்வுபெற்ற நூலகர், நாகர்கோவில்

பதில்: ஆமாம், குழந்தைகளுக்கு நடத்திய அமைப்புக்குத்தான். இரண்டும் வேறு வேறு சொற்கள், ஆனால் சட்டப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. வெய்ஃப் என்பது வீசி எறியப்பட்ட பொருள் என்று மேலே சொன்னேன். ஸ்ட்ரே என்பது தானாக அலைந்து வந்த கால்நடை. நம் ஊர்களில் யார் வயலிலாவது மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டுச் சொந்தக்காரர் வருகிறாரா என்று பார்ப்பார்களே, அதே வழக்கம் அங்கேயும் உண்டு. ஊர்த் தேவாலயத்திலும் பக்கத்தில் உள்ள இரண்டு சந்தை ஊர்களிலும் அறிவிக்க வேண்டும். ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகியும் யாரும் வராவிட்டால் மாடு அரசருக்கு, அல்லது உரிமை பெற்ற பிரபுவுக்கு. இந்த இரண்டு உரிமைகளையும் சேர்த்தே பத்திரங்களில் எழுதி எழுதி 'வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ்' என்பது ஒட்டிப் பிறந்த தொடராகிவிட்டது.

அந்த அமைப்பைத் தொடங்கியவர் எட்வர்ட் ருடால்ஃப். அரசு அலுவலகத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் தென் லண்டனில் லாம்பெத் பகுதியில் ஞாயிறுபள்ளி ஆசிரியர். அவருடைய வகுப்புக்கு வந்துகொண்டிருந்த இரண்டு சகோதரர்கள் திடீரென்று வராமல் நின்றுவிட்டார்கள். தேடிப்போனால், எரிவாயுத் தொழிற்சாலை வாசலில் நின்று தொழிலாளர்களிடம் மிச்சச் சாப்பாட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா இறந்துவிட்டார், அம்மாவால் அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு போட முடியவில்லை. அந்தப் பிள்ளைகளைச் சேர்க்க அவர்களுடைய சபையைச் சார்ந்த ஒரு இலவச இல்லம்கூடக் கிடைக்காததால்தான் 1881இல் இந்தச் சங்கம் பிறந்தது. கவனியுங்கள், அந்தச் சிறுவர்களுக்கு அம்மா இருந்தார். யாரும் வீசி எறிந்த பிள்ளைகள் இல்லை அவர்கள். அம்மாவிடம் பிள்ளை இருந்தது, பணம்தான் இல்லை. ஆனாலும் சங்கத்தின் பெயர்ப்பலகையில் ஏறியது வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ்.

அதே காலத்தில் கிழக்கு லண்டனில் பர்னார்டோ. டப்ளினில் பிறந்து, சீனாவுக்கு மருத்துவ ஊழியராகப் போக வேண்டும் என்று 1866இல் லண்டனுக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். 1870இல் ஸ்டெப்னியில் சிறுவர்களுக்கு ஓர் இல்லம் திறந்தார். ஒரு நாள் இடமில்லை என்று திருப்பி அனுப்பிய பதினோரு வயதுப் பையன், தலைமுடி நிறத்தால் 'கேரட்ஸ்' என்று எல்லோரும் கூப்பிட்டவன், இரண்டு நாளில் பட்டினியாலும் குளிராலும் செத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு 'ஆதரவில்லாத எந்தக் குழந்தையும் இங்கே திருப்பி அனுப்பப்படாது' என்று வாசலிலேயே எழுதி வைத்தார்கள். இந்த மனிதரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நன்கொடை திரட்ட, 'வந்தபோது இப்படி, இப்போது இப்படி' என்று பிள்ளைகளின் படங்களை அட்டைகளாக அச்சடித்து விற்றார்கள். கந்தலை இன்னும் கந்தலாக்கிப் படம் எடுக்கிறார் என்று புகார் கிளம்பி 1877இல் நடுவர்கள் முன் விசாரணை நடந்தது. பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தார்கள், ஆனால் அந்தப் புகைப்பட வழக்கத்தைக் கண்டித்தார்கள். பெற்றவர்களின் சம்மதம் இல்லாமலே பிள்ளைகளைக் கொண்டுபோனார் என்ற வழக்குகள் வேறு. 'கேட்பதற்கு ஆள் இல்லாதது' என்று பெயர் வைத்துவிட்டால், கேட்க ஒரு தாய் வந்து நின்றாலும் காதில் விழாமல் போகிறது. சொல்லுக்கு இவ்வளவு பலம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதன் உச்சம் கப்பல்கள். 1869 தொடங்கிக் கனடாவுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார்கள், பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும். பர்னார்டோ இல்லங்களும் வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ் சங்கமும் இதில் உண்டு. பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள், அது இரண்டாம் உலகப்போருக்கு அப்புறமும் நீடித்தது. அப்படிப் போனவர்களில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2009இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார், 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் கேட்டார்.

சங்கம் 1946இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. இன்று அது சில்ட்ரன்ஸ் சொசைட்டி. வெறும் 'குழந்தைகள்', அவ்வளவுதான். அறுபத்தைந்து வருடம் ஆயிற்று அந்தப் பழைய பெயரைக் கைவிட.

பேச்சு வழக்கில் மட்டும் இந்தத் தொடர் இன்னும் உயிரோடு இருக்கிறது, கொஞ்சம் கனிவான தொனியில். போக்கிடம் இல்லாதவர்களையும் பூனை, நாய்களையும் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடுகிற ஒரு அத்தையைப் பற்றி, 'எப்போதும் வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸைக் கூட்டி வந்துவிடுவாள்' என்பார்கள். அந்த இடத்தில் அது வசை இல்லை.

கேள்வி: ஆர்ஃபன், ஃபவுண்ட்லிங், வெய்ஃப் மூன்றும் ஒன்றா? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள், 'எல்லாம் அநாதைதான்' என்று சொல்லிச் சமாளிக்க மனம் வரவில்லை.
- பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

பதில்: ஒன்றில்லை. ஆர்ஃபன் என்பது பெற்றோரை இழந்த குழந்தை. அது உறவைப் பற்றிய சொல். தாத்தா பாட்டியோடு நல்ல வீட்டில் வளர்ந்தாலும் ஆர்ஃபன்தான். வெய்ஃப் என்பது நிலையைப் பற்றிய சொல். பெற்றவர்கள் இருந்தாலும் தெருவில் நின்றால் வெய்ஃப். ஃபவுண்ட்லிங் என்பது யாரோ எங்கோ விட்டுச்செல்ல, இன்னொருவர் கண்டெடுத்த கைக்குழந்தை. பத்து வயதுப் பிள்ளையை ஃபவுண்ட்லிங் என்று சொல்வதில்லை.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் பெற்றோர் இல்லாத குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, பெற்றோரே ஒப்படைத்த குழந்தை என்று தனித்தனி விளக்கங்கள் உண்டு. தத்துக்கொடுப்பதற்கான நடைமுறையே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

ஃபவுண்ட்லிங் என்றாலே லண்டன் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடலைச் சொல்லாமல் இருக்க முடியாது, பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். தாமஸ் கோரம் என்ற ஓய்வுபெற்ற கப்பல் தலைவர், லண்டன் சாலையோரங்களில் குழந்தைகள் செத்துக் கிடப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் பதினேழு வருடம் பிரபுக்கள் வீட்டுப் படி ஏறி இறங்கி, 1739இல் அரச அனுமதி வாங்கினார். 1741 மார்ச் 25 இரவு கதவு திறந்தது. முப்பது குழந்தைகளை எடுத்ததும் இடம் முடிந்துவிட்டது. கூட்டம் சமாளிக்க முடியாமல் போகவே, அடுத்த வருடம் குலுக்கல் முறை கொண்டுவந்தார்கள். தாய் பைக்குள் கையை விட்டு ஓர் உருண்டையை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் குழந்தையை மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும், வேறொரு குழந்தை பரிசோதனையில் தேறாவிட்டால் இடம் கிடைக்கலாம். கறுப்பு என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

சேர்ந்த குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். பின்னாளில் தாய் திரும்பி வந்தால் எது தன் பிள்ளை என்று நிரூபிக்க ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போகலாம். பாதியாக வெட்டிய நாணயம், பொத்தான், ரிப்பன், ஒரு கொட்டையின் ஓடுகூட இருக்கிறது. எழுத்தர்கள் குழந்தையின் சட்டையிலிருந்தே ஒரு துண்டு துணியைக் கத்தரித்துப் பதிவுத்தாளில் குத்தி வைப்பதும் உண்டு. ஏழைப் பெண்கள் அந்த நூற்றாண்டில் உடுத்திய துணி எப்படி இருந்தது என்று அறிய இன்றைக்கு ஆய்வாளர்கள் போய்ப் பார்ப்பது அந்தத் துண்டுகளைத்தான். 1767இல் சார்லஸ் என்ற குழந்தையைக் கொடுத்த தாய், ஒட்டுத்துணியில் ஓர் இதயத்தைத் தைத்து அதை நடுவில் இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு மறுபாதியை வைத்துக்கொண்டாள். எட்டு வருடம் கழித்து 1775இல் வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போனாள். அப்படித் திரும்ப வந்தவர்கள் மிகக் குறைவு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் யாரும் கண்டெடுத்த குழந்தைகள் இல்லை, தாயே கையில் ஏந்தி வந்து வரிசையில் நின்று கொடுத்தவர்கள். பெயரில்தான் ஃபவுண்ட்லிங். 1756 முதல் 1760 வரை நாடாளுமன்றம் பணம் கொடுத்து, வருகிற எல்லாக் குழந்தைகளையும் எடுக்கச் சொன்னது. நான்கு வருடத்துக்குள் பதினைந்தாயிரம் பேர் வந்து குவிந்தார்கள், அவர்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. இந்த எண்ணிக்கையை எட்டாம் வகுப்பில் சொல்லலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் சொல்வேன்.

கேள்வி: சென்னையில் அந்தக் காலத்தில் 'ஆர்ஃபன் அசைலம்' இருந்ததாமே? அசைலம் என்றால் மனநோயாளிகளுக்கானது அல்லவா?
- வாசகர், திருச்சி

பதில்: அசைலம் என்றால் அடைக்கலம். மனநோயாளிகள் என்ற பொருள் பிறகு ஒட்டியது. எழும்பூரில் 1789இல் தொடங்கிய ராணுவ ஆண் ஆர்ஃபன் அசைலத்தில் இருந்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகள், பலருக்கு இந்தியத் தாய்மார். அதை நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார், மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்தார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போய்ப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இருக்கிறது, பெல் எழுதிவைத்த பணத்தில் கட்டியது.

கேள்வி: கடல் உயிரியல் படிக்கிறேன். எங்களுக்கு அர்ச்சின் என்றால் கடலடியில் முள்ளோடு உருண்டையாக இருப்பது. ஆங்கிலப் பேப்பரில் 'ஸ்ட்ரீட் அர்ச்சின்' என்று பார்த்ததும் குழம்பிவிட்டேன்.
- மாணவர், தூத்துக்குடி

பதில்: இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான், முள்ளெலி. பழைய ஆங்கிலப் பேச்சில் முள்ளெலிக்கே அர்ச்சின் என்று பெயர், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கடலில் இருப்பது கடல் முள்ளெலி, அதனால் சீ அர்ச்சின். முள்ளெலி உருவத்தில் குட்டிப் பேய்கள் வந்து சேட்டை செய்யும் என்று அங்கே ஒரு நம்பிக்கை இருந்தது, அதிலிருந்து சேட்டைக்காரப் பையன், அப்புறம் அழுக்குக் கந்தலோடு திரியும் தெருப்பையன். முள்ளெலிக்கு 'ஹெட்ஜ்ஹாக்' என்ற பெயர் நிலைத்த பிறகு மூலப்பொருள் மறந்துபோயிற்று.

இந்த வரிசையில் இன்னும் சில உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கட்டர்ஸ்னைப்': ஸ்னைப் என்றால் உள்ளான் குருவி, சேற்றில் அலகை விட்டுக் கிளறும். சாக்கடையோரம் பொறுக்குகிற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், சுத்தமான வசை. 'ஸ்ட்ரீட் அராப்': ஓரிடத்தில் தங்காமல் அலைகிறவர்கள் என்று ஒரு இனத்தையே இழிவாக நினைத்து வைத்த பெயர். நியூயார்க் சேரிகளைப் படம் பிடித்த ஜேக்கப் ரீஸ் 1890இல் வெளியிட்ட புத்தகத்தில் ஓர் அத்தியாயத்துக்கே இந்தத் தலைப்பு. இன்று எழுதவே கூடாது. 'கமின்' பிரெஞ்சுச் சொல், பாரிஸ் தெருப்பையன். பெண்பாலில் 'கமீன்' என்று ஆக்கி, குட்டை முடியும் துறுதுறு முகமும் உள்ள பெண்களுக்குச் சொல்கிறார்கள்.

'மட்லார்க்' பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தேம்ஸ் நதியில் கடல் ஓதம் இறங்கும்போது கரையில் சேறு தெரியும். படகுகளிலிருந்து விழுந்த நிலக்கரித் துண்டு, பழைய கயிறு, எலும்பு, செப்பு ஆணி, இவற்றைச் சேற்றில் முழங்கால் புதைய நடந்து பொறுக்கி விற்ற பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பெயர். செப்பு ஆணி கிடைத்தால் அதிர்ஷ்டம், உடைந்த கண்ணாடி காலில் குத்தினால் கழுவிவிட்டு மறுபடி இறங்க வேண்டும், ஏனென்றால் ஓதம் ஏறிவிட்டால் அன்றைய பிழைப்பு போயிற்று. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களிடம் நேரில் பேசி எழுதியிருக்கிறார். இன்று லண்டனில் மட்லார்க் என்றால் பழம்பொருள் தேடும் பொழுதுபோக்கு, துறைமுக நிர்வாகத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

கேள்வி: தெருவோரப் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு எடுக்கும் குழுவில் இருக்கிறேன். ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். 'வெய்ஃப்', 'அர்ச்சின்' என்று எழுதலாமா? 'ஸ்ட்ரீட் சில்ட்ரன்' சரியா?
- வாசகி, சென்னை

பதில்: முதல் இரண்டும் வேண்டாம். வெய்ஃப் பழமையாகிவிட்டது, அறிக்கையில் வந்தால் இரக்கத்தைப் பிசைந்து ஊட்டுவதுபோல இருக்கும். அர்ச்சின் இன்றும் நம் ஆங்கிலப் பத்திரிகைகளில் தலைகாட்டுகிறது, ஆனால் அதில் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை இங்கிலீஷ் கற்றுக்கொண்டு நாளைக்கு அந்த அறிக்கையை எடுத்துப் படித்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். நான் வைத்திருக்கும் உரைகல் அது ஒன்றுதான்.

'ஸ்ட்ரீட் சில்ட்ரன்' தவறில்லை, எல்லோருக்கும் புரியும். ஆனால் 1980களிலேயே யுனிசெஃப் போன்ற அமைப்புகள் இதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கின. பகலெல்லாம் தெருவில் பூ விற்றுவிட்டு இரவில் அம்மாவிடம் போகிற பிள்ளை வேறு, தெருவிலேயே தூங்கி எழுகிற பிள்ளை வேறு, நடைபாதையில் குடும்பத்தோடு வாழ்கிற பிள்ளை இன்னும் வேறு. ஒரே பெயரில் அடைத்தால் மூவருக்கும் ஒரே மருந்து கொடுக்கத் தோன்றும். 2017இல் ஐநாவின் குழந்தைகள் உரிமைக் குழு வெளியிட்ட 21ஆம் பொதுக் கருத்துரை 'தெருச் சூழலில் உள்ள குழந்தைகள்' என்ற பொருள்படும் தொடரைப் பயன்படுத்துகிறது. 'தெருவோடு தொடர்புடைய குழந்தைகள்' என்ற வழக்கும் உண்டு. நீளம்தான், ஆனால் தெரு என்பது அந்தப் பிள்ளை இப்போது இருக்கும் இடம் என்பதைச் சொல்கிறது, பிள்ளையின் குணமாக ஆக்கவில்லை. நம் சட்டத்தின் சொல் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை'. குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும் கடிதத்தில் அதையே எழுதுங்கள்.

சொல்லைவிட முக்கியமான ஒன்று. பிள்ளையின் பெயர், முகம் தெரியும் படம், பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய எதையும் போடாதீர்கள். நலக் குழுவின் கவனிப்பில் உள்ள குழந்தை விஷயத்தில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. பர்னார்டோவின் அட்டைகளைப் பற்றி மேலே எழுதினேனே, நன்கொடைக்காக 'முன்பு, பின்பு' படம் போடும் ஆசை இன்றும் போகவில்லை. வேறு எதை எழுதலாம்? அவர்கள் செய்ததை எழுதுங்கள். 2019இல் நடந்த தெருக் குழந்தைகள் கிரிக்கெட் உலகக்கோப்பையில், லண்டன் லார்ட்ஸ் மைதானத்து இறுதியாட்டத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்தது தென்னிந்திய அணி, சென்னைப் பிள்ளைகளும் அதில் ஆடினார்கள். ஆண்களும் பெண்களும் கலந்த அணி. அந்தச் செய்தியை எழுத அர்ச்சினும் வேண்டாம், வெய்ஃபும் வேண்டாம்.

தனியாகத் தவிக்கும் பிள்ளையைப் பார்த்தால் அழைக்க வேண்டிய எண் 1098, எந்த நேரமும், கட்டணம் இல்லை. அறிக்கையின் பின்னட்டையில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கேள்வி: ஒரு பழைய ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்கிறேன். வெய்ஃப் என்பதற்கு 'அநாதை' என்று போட்டால் போதுமா?
- வாசகர், கோவை

பதில்: போதாது. அநாதை என்றால் நாதன் இல்லாதது, காப்பவர் இல்லாதது என்று பொருள்பட்டாலும், நடைமுறையில் பெற்றோர் இறந்துபோனவர் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். கதையில் அம்மா உயிரோடு வந்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதோடு, அது வசையாகவும் புழங்குகிற சொல்.

நான் கைகாட்டுவது 'கேட்பாரற்ற'. ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பை என்று செய்தி வருகிறது, கேட்பாரற்றுக் கிடந்த குழந்தை என்றும் வருகிறது. பொருளுக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல். வெய்ஃப் நடந்துவந்த பாதையைத் தமிழில் இதைவிடச் சரியாகச் சொல்லும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அதையே போட முடியாது. கதைசொல்லி இரக்கத்தோடு சொல்லும் இடத்தில் 'கேட்பாரற்ற பிள்ளை' அல்லது 'போக்கிடம் இல்லாத பிள்ளை' என்று வைக்கலாம். கதையில் ஒரு சீமாட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வதாக இருந்தால் 'அநாதை' என்றே போடுங்கள், அவள் வாயில் அதுதான் வரும், அதை மென்மையாக்கினால் ஆசிரியருக்குத் துரோகம். சட்டப் பொருளில், வீசப்பட்ட சரக்காக வந்தால் 'கேட்பாரற்ற பொருள்'. மெலிந்த உருவத்தைச் சொல்லும் இடத்தில் 'ஒட்டி உலர்ந்த' என்றோ 'காற்றடித்தால் விழுந்துவிடும் உடம்பு' என்றோ எழுதிப் பாருங்கள். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் கடைசிவரை வர வேண்டும் என்று பதிப்பாளர் வற்புறுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.